கூடம் கோணல்தான்: போனைச் சாய்த்து ஆடும் புதிர் கேம் செய்த பதிவு

போனைச் சாய்த்தால் திரையில் குண்டு உருள வேண்டும், அவ்வளவுதான் என்றால் அது அரை மணி நேர வேலை. சென்சார் தரும் எண்ணைக் குண்டின் வேகத்தோடு கூட்டிக்கொண்டே போனால் தானாக உருளும். யாரிடமாவது காட்டினால் "அட!" என்பார்கள், இரண்டு நிமிடத்தில் போனைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தக் குண்டை ஒரு புதிராக்குவது எப்படி, ஆடுபவர் உட்கார்ந்திருந்தாலும் படுத்திருந்தாலும் அது சொன்ன பேச்சைக் கேட்கவைப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

பிரவுசரில் ஓடும் கேமாகவே செய்தேன். ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று என்று இரண்டு முறை எழுதும் பொறுமை எனக்கில்லை. ஒரு கேன்வாஸ் (பிரவுசரில் படம் வரையும் இடம்), கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், வெளியிலிருந்து எந்த லைப்ரரியும் இல்லை. நேரடி ஆப்பாகச் செய்பவர்களுக்கும் கீழே உள்ள கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும். பெயர்கள்தான் மாறும்.

கைத்திறனா, புதிரா

சாய்த்து உருட்டும் விளையாட்டு போனோடு வந்ததல்ல. 1889-இல் அமெரிக்காவில் சார்லஸ் கிராண்டல் என்ற பொம்மைத் தயாரிப்பாளர், வட்டச் சுவர்களுக்கு நடுவே கோலிகளை உருட்டிச் சேர்க்கும் ஒரு கைப்புதிரை விற்று நாட்டையே கிறுக்குப் பிடிக்கவைத்தார். ஸ்வீடனின் பிரியோ நிறுவனம் 1946 முதல் விற்றுவரும் மரப்பெட்டியில் இரண்டு திருகுகளைத் திருப்பித் தளத்தைச் சாய்த்து, ஓட்டைகளில் விழாமல் எஃகுக் குண்டை ஓட்டிப்போக வேண்டும். அருமையான சாமான். ஆனால் அதில் போகவேண்டிய பாதை தளத்திலேயே கோடாக வரைந்திருக்கும். மூளைக்கு அங்கே வேலையில்லை, கை நடுங்காமல் இருந்தால் போதும்.

எனக்கு வேண்டியது வேறு. ஆடுபவர் போனை அசைக்காமல் பத்து வினாடி வெறித்துப் பார்க்க வேண்டும், பிறகு ஒருமுறை சாய்க்க வேண்டும். அதனால் விதியை இப்படி வைத்துக்கொண்டேன்: கட்டம் போட்ட ஒரு தட்டு, அதில் சில கற்கள், இரண்டு அல்லது மூன்று குண்டுகள். ஒரு பக்கம் சாய்த்தால் எல்லாக் குண்டுகளும் அந்தப் பக்கமாக, கல்லிலோ ஓரத்திலோ இன்னொரு குண்டிலோ முட்டும்வரை போகும். நடுவில் நிறுத்த முடியாது. எல்லாக் குண்டுகளும் ஒரே நேரத்தில் தத்தம் இடத்தில் வந்து நின்றால் ஜெயித்தாயிற்று.

இந்த விதியின் அழகு, வெறும் தட்டில் புதிரே பிறக்காது என்பதுதான். கல்லே இல்லாத தட்டில் இரண்டு குண்டுகளை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். இரண்டொரு சாய்ப்பில் அவை ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எப்படிச் சாய்த்தாலும் அந்த ஜோடி பிரியாது. ஒரே வரிசையில் ஒட்டியவை கடைசிவரை ஒரே வரிசைதான். ஒரே ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள்:

. . . .
. . # .
. . . .
. . அ ஆ

இரண்டாம் வரிசையில், மூன்றாம் கட்டத்தில் கல். குண்டு 'அ' இரண்டாம் வரிசையின் இரண்டாம் கட்டத்திலும், குண்டு 'ஆ' மேல் வலது மூலையிலும் வந்து நிற்க வேண்டும். வலதும் கீழும் சாய்த்துப் பயனில்லை, ஏற்கெனவே முட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலே சாய்த்தால் 'ஆ' கூரைவரை போய்விடும். 'அ' கல்லுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். இப்போது இடது: இரண்டும் இடச்சுவரில், வெவ்வேறு வரிசைகளில். மறுபடி மேல்: 'ஆ' மூலையில், 'அ' அதற்கு நேர் கீழே. ஒரே வரிசையில் கிடந்த ஜோடி ஒரே நிரலுக்கு (மேலும் கீழுமாக) மாறிவிட்டது. கடைசியாக வலது: 'ஆ' தங்குதடையின்றி வலது மூலைக்கு ஓட, 'அ' கல்லில் முட்டி இரண்டாம் கட்டத்தில் நிற்கும். நான்கு சாய்ப்பு. இதைவிடக் குறைவில் முடியாது. இந்த லெவலைப் பார்த்ததும் பலர் முதலில் இடப்பக்கம்தான் சாய்க்கிறார்கள். அப்படிச் சாய்த்து, பிறகு மேலே, வலது என்று போனால் ஜோடி பிரியாமலே மேல் வலது மூலைவரை சுற்றிவரும்.

நகர்த்தும் கோடில் (code, கணினிக்கு எழுதும் கட்டளைகளில்) கவனிக்க வேண்டியது வரிசைமுறை. வலப்பக்கம் சாய்க்கும்போது வலது ஓரத்துக்கு அருகில் உள்ள குண்டை முதலில் நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால், பின்னால் இருக்கும் குண்டு முன்னால் இருப்பதன் பழைய இடத்தில் முட்டி நின்றுவிடும். முன்னது பிறகு ஓடிப்போகும்போது நடுவில் தேவையில்லாத இடைவெளி விழும். சாய்க்கும் திசையில் குண்டுகளை வரிசைப்படுத்திவிட்டு ஒவ்வொன்றாக நகர்த்தினால் தீர்ந்தது.

பூஜ்யம் எங்கே இருக்கிறது

இனி சென்சார். முடுக்கத்தை அளக்கும் ஆக்ஸிலரோமீட்டருக்குள் இருப்பது சிலிக்கான் சுருள்களில் தொங்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலிக்கான் எடை. அது அசையும்போது பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்கும் இடையிலான மின்தேக்கம் மாறும், அந்த மாற்றம்தான் அளவாக வெளியே வருகிறது. மேசைமேல் சும்மா கிடக்கும் போனும் 9.81 மீட்டர்/வினாடி² காட்டும். கை தவறி விழுந்துகொண்டிருக்கும் போன் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டும். சாய்வை அது நேரடியாக அளப்பதில்லை, தன்மேல் படும் தள்ளலை அளக்கிறது. ஆகவே வண்டி 2 மீட்டர்/வினாடி² வேகமெடுத்தால், சென்சாருக்கு அது 11.5 டிகிரி சாய்வு. 3 என்றால் 17 டிகிரி. இந்த இரண்டு எண்களும் பின்னால் வேலைக்கு வரும்.

பிரவுசரில் இந்தக் கச்சா அளவை வாங்கினால் இன்னொரு தொல்லையும் உண்டு. திரை மேலே பார்க்கக் கிடக்கும் ஆண்ட்ராய்டு போனில் ஸெட் அச்சு (திரைக்குச் செங்குத்தானது) +9.8 தரும், ஐபோனில் அதுவே −9.8. குறி தலைகீழ். அதனால் போன் எப்படித் திரும்பியிருக்கிறது என்று பிரவுசர் சொல்லும் 'டிவைஸ் ஓரியன்டேஷன்' நிகழ்வுக்குப் போனேன். அதில் பீட்டா, காமா என்று இரண்டு கோணங்கள் வரும். முன்பின் சாய்வுக்குப் பீட்டா, −180 முதல் 180 வரை. பக்கச் சாய்வுக்குக் காமா, −90 முதல் 90 வரை. இரண்டு வகைப் போனிலும் குறி ஒன்றுதான். சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பையும் சேர்த்துக் கலந்து வரும் அளவு என்பதால் நடுக்கமும் குறைவு.

பல மாதிரிக் கோடுகளில் காண்பது, ஆரம்பத்தில் பீட்டாவையும் காமாவையும் குறித்துவைத்துக்கொண்டு பிறகு வரும் எண்ணிலிருந்து கழிப்பது. மேசைமேல் வைத்து ஆடினால் அது ஓடும். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் கதை கந்தலாகும். நேராக நிமிர்ந்த போனை வெறும் 2 டிகிரி பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள்: பீட்டா 88 ஆகும், காமா பூஜ்யத்திலிருந்து 90-க்குத் தாவும். போன் பொய் சொல்லவில்லை, அந்த நிலையைச் சொல்ல அந்தக் கோணங்களால் அப்படித்தான் முடியும்.

கோணங்களை உடனே புவியீர்ப்புத் திசையாக மாற்றிவிட்டால் இந்தத் தாவல் காணாமல் போகும் (எக்ஸ் திரையின் வலப்பக்கம், ஒய் மேல்பக்கம்):

எக்ஸ் = காஸ்(பீட்டா) × சைன்(காமா)
ஒய் = − சைன்(பீட்டா)
ஸெட் = − காஸ்(பீட்டா) × காஸ்(காமா)

மேலே சொன்ன அதே நிலையைப் போட்டுப் பாருங்கள். காஸ் 88 என்பது 0.035, ஆகவே எக்ஸ் 0.035. சைன் 2-ம் அதேதான். காமா எவ்வளவு கூத்தாடினாலும் திசை ஒழுங்காகவே நகரும்.

அடுத்து நடுநிலை. தட்டு 'மட்டமாக' இருக்கிறது என்று ஆடுபவர் நினைக்கும் நிலையில் போன் மட்டமாக இருப்பதே இல்லை. உட்கார்ந்து ஆடுபவர் முப்பது, நாற்பது டிகிரி சரிவில் பிடித்திருப்பார். சோபாவில் சரிந்தவர் எழுபது. கட்டிலில் மல்லாந்தவர் போனைத் தலைகீழாகவே பிடித்திருப்பார். ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்று சொன்னால் சிரிக்கலாம், ஆனால் இந்தக் கேமில் கூடம் உண்மையாகவே கோணல்தான். அதை நிமிர்த்தித் தருவது கேமின் பொறுப்பு.

எடுத்த வழி இது. தொடங்கும்போது அரை வினாடி அளவுக்குப் புவியீர்ப்புத் திசையைச் சராசரி எடுத்து, அதை நடுநிலை என்று வைத்துக்கொள்கிறேன். திரையின் வலப்பக்க அச்சிலிருந்து நடுநிலைத் திசையில் விழும் பங்கைக் கழித்து, மிச்சத்தின் நீளத்தை ஒன்றாக்கினால் தட்டின் 'வலது' கிடைக்கும். அந்த வலதையும் நடுநிலையையும் குறுக்குப் பெருக்கல் (வெக்டர்களின் cross product) செய்தால் தட்டின் 'மேல்'. அதன்பின் வரும் ஒவ்வொரு அளவையும் இந்த இரண்டோடு புள்ளிப் பெருக்கல் (dot product) செய்தால், இரண்டு திசையிலும் எவ்வளவு சாய்வு என்பது சைன் மதிப்பாக வந்துவிடும். இதில் எனக்குப் பிடித்தது, மல்லாந்து படுத்து முகத்துக்கு மேல் போனைப் பிடித்திருந்தாலும் மணிக்கட்டின் அதே முன்பின் அசைவு அதே திசையைத் தருகிறது; வலது-இடதின் குறியை மட்டும் அப்போது திருப்பிவிட வேண்டும். தனியாக ஒரு 'படுக்கை மோடு' தேவைப்படவில்லை.

ஒருக்களித்துப் படுப்பவர்கள் மட்டும் தனி ரகம். புவியீர்ப்பு திரையின் பக்கவாட்டு அச்சிலேயே விழுவதால், கழித்த பிறகு மிச்சம் எதுவும் இருக்காது. பக்க அச்சில் விழும் பங்கு 0.8-ஐத் தாண்டினால், திரையின் மேல் அச்சிலிருந்து தொடங்கி, குறுக்குப் பெருக்கலை 'வலது' கண்டுபிடிக்கப் பயன்படுத்துகிறேன்.

நடுநிலையை எப்போது எடுப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'தொடங்கு' பட்டனைத் தொட்ட கணத்தில் எடுக்கக் கூடாது. கட்டைவிரல் கண்ணாடியை அழுத்தும்போது போன் லேசாகப் பின்னால் சாயும், விரலை எடுக்கும்போது துள்ளும். தொட்டபின் 400 மில்லிசெகண்ட் விட்டு, அதற்கடுத்த அரை வினாடியை எடுத்தால் கை அடங்கியிருக்கும். காத்திருப்பது தெரியாமலிருக்க, அந்த நேரத்தில் குண்டுகள் தட்டில் வந்து இறங்குவதுபோல ஒரு சின்ன அசைவு ஓடுகிறது.

எப்போது 'சாய்த்தார்' என்று எடுத்துக்கொள்வது

தொடர்ந்து மாறும் ஒரு கோணத்தை நான்கு கட்டளைகளாக்க வேண்டும். 14 டிகிரியைத் தாண்டினால் ஒரு சாய்ப்பு. மறுபடி சாய்க்க வேண்டுமானால் முதலில் 7 டிகிரிக்குள் திரும்பி வர வேண்டும். ஒரே ஓர் எல்லை வைத்தால், அந்த எல்லையில் கை நிற்கும்போது சாய்ப்புகள் பொலபொலவென்று கொட்டும். இரண்டு எல்லைகள் வைப்பது அதற்காகத்தான்.

ஏன் 14? வேகமெடுக்கும் வண்டிக் கணக்கை இங்கே நினைவுகூருங்கள். 2 மீட்டர்/வினாடி² என்பது 11.5 டிகிரி என்பதால் சாதாரணமாக வேகமெடுக்கும் வண்டியில் கேம் ஏமாறாது. நல்ல பிரேக் அடித்தால் 17 டிகிரி, அப்போது குண்டு ஓடத்தான் செய்யும். 20-க்கு உயர்த்தினால் அதுவும் நிற்கும், ஆனால் 20 டிகிரி சாய்த்தால் திரையில் விளக்கு வெளிச்சம் பட்டுக் கண்ணாடி பளபளக்கிறது, தட்டு ஒருபக்கம் குறுகித் தெரிகிறது. ஓடும் வண்டியில் ஆடுபவருக்காக வீட்டில் ஆடுபவரைத் தண்டிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக 'முந்தைய நிலை' பட்டனைக் கட்டைவிரல் எட்டும் இடத்தில் பெரிதாக வைத்திருக்கிறேன்.

மூலைவிட்டமாகச் சாய்ப்பவருக்கு எந்தத் திசை? பெரிய சாய்வு சின்னதைப்போல் ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் ஏற்கிறேன். அதாவது ஒவ்வொரு திசைக்கும் இருபுறமும் 33.7 டிகிரி இடம், நான்கு மூலைகளிலும் 22.6 டிகிரி அகலத்துக்கு 'எதுவும் நடக்காத' ஆப்பு வடிவ இடம். இந்த ஆப்பு இல்லாதபோது, மேலே சாய்க்க நினைத்தவருக்குக் குண்டு பக்கவாட்டில் ஓடி, "நான் அப்படிச் சாய்க்கவே இல்லை" என்ற புகார் வரும். ஒன்றும் நடக்காவிட்டால் யாரும் கோபப்படுவதில்லை, இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் படுத்தியது திரும்பு வீச்சு. வலப்பக்கம் சாய்த்துவிட்டு நடுவுக்குத் திரும்பும் மணிக்கட்டு நடுவில் நிற்பதில்லை, மறுபக்கம் எட்டுப் பத்து டிகிரி போய்த்தான் திரும்புகிறது. வேகமாக ஆடுபவர்களுக்கு அது 14-ஐயே தொட்டுவிடும். வலது சாய்ப்பு முடிந்ததும் தானாக ஓர் இடது சாய்ப்பு விழுந்து, போட்ட திட்டமெல்லாம் பாழாகும். இரண்டு தடைகள் போட்டேன். எல்லையைத் தாண்டிய சாய்வு குறைந்தது 60 மில்லிசெகண்டாவது அங்கே நிலைக்க வேண்டும். ஒரு சாய்ப்புக்குப் பின் கால் வினாடிக்கு எதிர்த்திசை எல்லை மட்டும் 20 டிகிரியாக உயர்ந்திருக்கும். மற்ற இரு திசைகளுக்கும் வழக்கமான 14-தான். வலது, உடனே மேல் என்று கடகடவென ஆடுபவரை அது தடுக்காது.

குண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் சாய்ப்பைச் சேமித்துவைத்துப் பிறகு ஓட்டலாமா என்றும் யோசித்தேன். வேண்டாம். குண்டு எங்கே நிற்கிறது என்று பார்க்கும் ஆர்வத்தில் கை தன்னிச்சையாகப் போனைத் திருப்பும். அதையெல்லாம் கட்டளையாக எடுத்துக்கொண்டால் ஆட்டம் ஆடுபவரின் கையை விட்டுப் போய்விடும்.

கை மெல்ல நழுவுவது

ஐந்து நிமிடம் ஆடினால் யாரும் தொடங்கிய நிலையிலேயே பிடித்திருப்பதில்லை. கை சோர்ந்து போன் மடியை நோக்கி இறங்கும். நடுநிலையும் அதன்பின்னாலேயே போக வேண்டும். சாய்ப்பு எதுவும் நடக்காத நேரத்தில், நடுநிலை தற்போதைய நிலையை நோக்கி 4 வினாடி நேர மாறிலியோடு (4 வினாடியில் விலகலின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறையும் வேகத்தில்) நகர்கிறது. ஆனால் விலகல் 8 டிகிரிக்குள் இருந்தால் மட்டும்.

அந்த 8 டிகிரி எல்லையை ஏன் போட வேண்டும்? மெதுவாகச் சாய்ப்பவரை நினைத்துப் பாருங்கள். நடுநிலை அவரைத் துரத்திக்கொண்டே வந்தால் விலகல் வளரவே வளராது. வினாடிக்கு இத்தனை டிகிரி என்ற வேகத்தை 4-ஆல் பெருக்கினால், துரத்தலில் மிஞ்சும் விலகல் கிடைக்கும். 3 டிகிரி வேகத்தில் சாய்ப்பவருக்கு அது 12-ஐத் தாண்டாது, 14-ஐ எட்டவே மாட்டார். 8-இல் துரத்தலை நிறுத்திவிட்டால், நாலரை வினாடிக்குள் அந்த 8-ஐத் தொட்டுவிடுவார், அதன்பின் நடுநிலை நின்றுவிடும், சாய்ப்பு நடக்கும். இந்தக் கணக்கில் கேம் அசையாமல் இருப்பது வினாடிக்கு 2 டிகிரிக்கும் குறைவாகச் சாய்ப்பவருக்கு மட்டுமே. அந்த வேகத்தில் யாரும் வேண்டுமென்றே சாய்ப்பதில்லை, கை சோர்ந்து இறங்கும் வேகம்தான் அது. இரண்டையும் பிரிக்க இதைவிட நல்ல கோடு எனக்குக் கிடைக்கவில்லை.

கைரோஸ்கோப் இல்லாத போன்களும் உண்டு. அங்கே ஓரியன்டேஷன் மதிப்பு காலியாக வந்தால் கச்சா ஆக்ஸிலரோமீட்டருக்கு மாறி, ஒவ்வொரு புது அளவிலும் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் சேர்க்கும் எளிய வடிகட்டியைப் போட்டேன். வினாடிக்கு 60 அளவு என்றால் அது தரும் தாமதம் சுமார் 67 மில்லிசெகண்ட். தொடர்ந்து உருளும் குண்டாக இருந்தால் இந்தத் தாமதம் உறுத்தும். அப்போது 2012-இல் காசியே, ரூசெல், வோகல் மூவரும் வெளியிட்ட 'ஒன் யூரோ' வடிகட்டியைப் போட்டிருப்பேன். கை நிற்கும்போது நன்றாக வடிகட்டி, வேகமாக அசையும்போது தளர்ந்துகொடுக்கும் அது. ஒரு சாய்ப்புக்கு ஒரு நகர்வு என்ற இந்தக் கேமுக்கு எளியதே போதும்.

லெவல் சரிபார்க்கும் கோடு

லெவல்களை மேலே காட்டியதுபோல எழுத்துகளாகவே தட்டச்சு செய்கிறேன். ஒவ்வொன்றையும் ஒரு சின்ன கோடு ஆடிப் பார்க்கும். தொடக்க நிலையிலிருந்து நான்கு திசையும், அங்கிருந்து மறுபடி நான்கும் என்று அடுக்கடுக்காகத் தேடும் பிஎஃப்எஸ் (breadth-first search) என்ற முறை அது. பார்த்த நிலையை மறுபடி பார்க்காது. 7×7 தட்டில் இரண்டு குண்டுகளுக்கு அதிகபட்சம் 2,352 நிலைகள், மூன்று குண்டுகளுக்கு 1,10,544. போனுக்கே இது இமைக்கும் நேர வேலை. நான்கு குண்டுகள் என்றால் 50 லட்சத்தைத் தாண்டும், அதற்குமுன் ஆடுபவரின் மண்டை காய்ந்துவிடும் என்பதால் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

குறைந்தபட்சச் சாய்ப்புகளின் எண்ணிக்கை கடினத்தைச் சொல்லும் என்று எதிர்பார்ப்போம். சொல்லாது. ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வழியே இல்லாத பன்னிரண்டு சாய்ப்பு லெவல், குழந்தை விளையாட்டு. ஆசைகாட்டும் தப்பு வழி இரண்டு இருக்கும் ஆறு சாய்ப்பு லெவல் ஆளைக் கவிழ்க்கும். எனக்கு அதைவிடப் பயன்பட்டது எதிர்த் தேடல். இந்த வகை நகர்வு திரும்பாதது. வலப்பக்கம் ஓடிய குண்டை இடப்பக்கம் சாய்த்தால் பழைய இடத்துக்கு வராது, சுவர்வரை போகும். ஆகவே உள்ளே போனால் வெளியே வரவே முடியாத நிலைகள் உண்டாகலாம். ஜெயித்த நிலையிலிருந்து நகர்வுகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போனால், எந்தெந்த நிலையிலிருந்து ஜெயிக்க முடியும் என்ற பட்டியல் கிடைக்கும். தொடக்கத்திலிருந்து போக முடிந்தும் இந்தப் பட்டியலில் இல்லாதவை செத்த நிலைகள். முதல் பத்து லெவல்களில் செத்த நிலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று கோடே தடுத்துவிடும். பிறகு வருபவற்றில் விடலாம், ஆனால் அங்கே போய் மாட்டியவருக்கு 'முந்தைய நிலை' பட்டன் ஒருமுறை மின்னும். மாட்டிக்கொண்டது தெரியாமலே கால் மணி நேரம் போனைச் சாய்த்துக்கொண்டிருப்பது கொடுமை.

உருள்வது உருள்வதுபோல இருக்க

கணக்கு கட்டம் கட்டமாக நடந்தாலும் கண்ணுக்குக் குண்டு கனமாகத் தெரிய வேண்டும். ஒரே வேகத்தில் நகர்த்தினால் லிஃப்ட் கதவு மாதிரி இருக்கிறது. வழுக்காமல் உருளும் திண்மக் குண்டின் முடுக்கம், புவியீர்ப்பு × சைன்(சாய்வு) என்பதில் ஏழில் ஐந்து பங்கு. மிச்சம் சுழல்வதற்குச் செலவாகிவிடும். 14 டிகிரியில் அது சுமார் 1.7 மீட்டர்/வினாடி². போன் திரையில் ஒரு கட்டம் ஏறக்குறைய 1 செ.மீ. அந்தத் தூரத்தை உண்மையான எஃகுக் குண்டு 0.11 வினாடியில் கடக்கும். நான் ஒரு கட்டத்துக்கு 120 மில்லிசெகண்ட் வைத்தேன். சீரான முடுக்கம் என்பதால் நேரம் தூரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: நான்கு கட்டத்துக்கு 240, ஆறு கட்டத்துக்கு 294. நீண்ட தூரம் ஓடும் குண்டு வேகமாக வந்து மோதுகிறது, 'டிக்' ஓசையின் உரப்பையும் அந்த வேகத்தோடு கட்டிவிட்டேன். இரண்டு குண்டுகள் அடுத்தடுத்து முட்டும் ஓசையிலேயே எது முதலில் நின்றது என்று காதுக்குத் தெரியும்.

இன்னொரு சின்ன சேர்க்கை மொத்தக் கேமின் உணர்வையே மாற்றியது. 14 டிகிரியை எட்டாத சாய்வில் குண்டு தன் கட்டத்துக்குள்ளேயே இரண்டு மூன்று பிக்ஸல் அந்தப் பக்கம் ஒதுங்கும், நிழலும் கூடவே நகரும். கணக்கில் அது எங்கும் போகவில்லை. ஆனால் தட்டு உயிரோடு இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் ஓடிவிடும் என்பது கைக்குப் புரிகிறது. எல்லை எங்கே என்று எழுதிக் காட்டவேண்டிய அவசியமே வரவில்லை.

முட்டும்போது போனை அதிரவைக்கும் வசதியையும் சேர்த்தேன். ஐபோன் சஃபாரியில் அது வேலை செய்யாது, ஆண்ட்ராய்டு குரோமில் செய்யும். அதிர்வு மோட்டார் ஆக்ஸிலரோமீட்டரையும் உலுக்கும் என்பதை மறக்கக் கூடாது. கச்சா அளவை வாங்கும் போன்களில், அதிர்வு தொடங்கியதிலிருந்து 50 மில்லிசெகண்டுக்கு வரும் அளவுகளைக் குப்பையில் போட்டுவிடுகிறேன்.

மீதிச் சில்லறை வேலைகள்

சாய்த்து ஆடும்போது யாரும் திரையைத் தொடுவதில்லை. அதனால் யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரை மங்கி அணைந்துவிடும். பிரவுசரின் 'வேக் லாக்' வசதியைக் கேட்டு வாங்கினால் அணையாது. வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பினால் அது விடுபட்டுப்போகும், மறுபடி கேட்க வேண்டும். நேரடி ஆப் செய்பவர்களுக்கு இரு தளங்களிலும் இதற்கு ஒரே வரி அமைப்பு உண்டு.

ஐஓஎஸ் 13 முதல், ஆடுபவர் விரலால் தொட்ட நிகழ்வுக்குள்ளிருந்து அனுமதி கேட்டால்தான் சாய்வு அளவே வரும். பக்கம் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைய இணைப்பு) வழியாக வரவும் வேண்டும். ஆகவே அந்த ஒரே 'தொடங்கு' பட்டன் அனுமதி கேட்கும், ஒலியைத் திறக்கும், வேக் லாக் வாங்கும், நடுநிலையும் எடுக்கும். அனுமதி மறுத்தவரிடம் மறுபடி மறுபடி கெஞ்சாமல் நேராக விரல் இழுப்புக்கு மாறிவிடுகிறது.

திரை தானாகத் திரும்புவதைப் பிரவுசரில் எல்லா இடத்திலும் பூட்ட முடியாது. தட்டைச் சதுரமாக வைத்துக்கொண்டு, திரையின் தற்போதைய திருப்பக் கோணத்தைக் கேட்டு, எக்ஸ், ஒய் இரண்டையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டேன். திரும்பிய கணத்தில் நடுநிலையைப் புதிதாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பியதே ஒரு சாய்ப்பாகப் பதிவாகும்.

விரலால் இழுத்து ஆடும் வழி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். வலை அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1-இல், 2.5.4 என்ற விதி இதைத்தான் கேட்கிறது: சாதனத்தை அசைத்துச் செய்யும் எதையும் திரையிலுள்ள பட்டன் போன்றவற்றாலும் செய்ய முடிய வேண்டும், அசைவைக் கேட்பதை அணைக்கவும் முடிய வேண்டும். சக்கர நாற்காலியில் போனைப் பொருத்திவைத்திருப்பவர், கை நடுக்கம் உள்ளவர், மேசையில் ஸ்டாண்டில் வைத்திருப்பவர் எல்லோருக்கும் அது வேண்டும். சாய்ப்பைச் சேமித்துவைப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா, இழுப்புக்கு அந்தத் தடையில்லை. விரல் தன்னிச்சையாக இழுப்பதில்லை என்பதால் ஓர் இழுப்பை வரிசையில் நிறுத்திவைத்து, குண்டு நின்றதும் ஓட்டுகிறேன்.

இன்னும் செய்யாமல் கிடப்பது ஓட்டைகளும் கதவுகளும். ஒரு குண்டு ஓட்டையில் விழுந்தால் கதவு திறக்கும் என்று வைத்தால், ஒவ்வொரு நிலையிலும் கதவு திறந்திருக்கிறதா என்பதும் சேரும். சரிபார்க்கும் கோடில் நிலைகள் கதவுக்கு ஒருமுறை இரட்டிக்கும். மூன்று கதவு என்றால் எட்டு மடங்கு, 7×7 தட்டில் மூன்று குண்டுகளுக்கு 8,84,352. அதையும் போன் தாங்கும். ஓடிக்கொண்டிருக்கும் குண்டு பாதி வழியில் இருக்கும்போது கதவு திறந்தால் அது அப்படியே உள்ளே போகுமா, நின்று அடுத்த சாய்ப்புக்குக் காத்திருக்குமா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு, எல்லாக் குண்டுகளும் நின்ற பிறகே கதவு திறக்கும் என்று எழுதிவைத்திருக்கிறேன்.